குளவாழை வாழை அன்று

கேரள எல்லையில், புளியறை செக்போஸ்ட்டில் ஏழு வாழைத்தார் லாரிகள் ஒரு பகல் முழுக்க நின்றதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்காசியில் இன்றைக்கும் சிலர் என்னைப் பார்த்தால், "லாரியை நிப்பாட்டுன பொண்ணு போகுது" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள். காட்டட்டும். நான் நிறுத்த நினைத்தது ஒரு செடியை. செடி போய்விட்டது, லாரி நின்றுவிட்டது. அந்தத் தவறுக்கு எவ்வளவு வெட்கப்பட வேண்டுமோ அவ்வளவும் பட்டாயிற்று. அந்தச் செடியைப் பற்றி ஒரு வரி எழுதியதற்காக மட்டும் வெட்கப்படுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்து பி.எஸ்ஸி. முடித்த கையோடு, தென்காசி விவசாய ஆபீஸில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. வேலை என்றால் விதைப் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டுவது. இரண்டு வாரத்தில் ஒட்டவேண்டியதையெல்லாம் ஒட்டி முடித்துவிட்டேன். அப்புறம் அலமாரியில் இருந்த ஆபீஸ் நடைமுறைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். படிக்க வேறு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்தப் படிவம் வந்தது. வெளிநாட்டிலிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு, அங்கிருந்து தபால் பையில் எங்களுக்கு. பயிர்களைக் கெடுக்கும் பூச்சியும் நோயும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாது என்று பல தேசங்கள் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தன. சில இடங்களில் செடியே பூச்சியைவிடப் பெரிய தொல்லையாக வந்து சேர்ந்துவிடுகிறதே, அதற்கும் பொதுவாக ஒரு விதி வேண்டாமா என்பது இப்போதைய கேள்வி. விதி எழுதுவதற்கு முன்னால் ஊர் ஊராகப் பட்டியல் கேட்டிருந்தார்கள். செடியின் லத்தீன் பெயர், உள்ளூர்ப் பெயர், சொந்த நாடு, வந்த வழி, செய்யும் கேடு, எடுத்த நடவடிக்கை. ஆறு கட்டங்கள், அச்சடித்த ஒற்றைத் தாள், வேறு பிரதி கிடையாது.

எனக்குக் கை பரபரத்தது. கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உலகத்துக்கே விதி எழுதப் போகிறார்கள், அதற்குத் தென்காசித் தாலுகாவிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். இதைவிட ஒரு பி.எஸ்ஸி.க்காரிக்கு என்ன வேண்டும்?

ஹெட் கிளார்க் அண்ணாச்சி படிவத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார். செங்கோட்டைக்காரர். எந்தக் காகிதம் வந்தாலும் அதற்கு ஒரே மருந்து வைத்திருந்தார்.

"நில்லுன்னு போட்டு அனுப்பிருவோம் பிள்ளே."

ஆங்கிலத்தில் 'நில்' என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். தமிழில் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆபீஸில் இரண்டும் ஒன்றுதான். 'நில்' என்று எழுதினால் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும்.

"நான் எழுதுதேன் அண்ணாச்சி" என்றேன்.

"எழுது. ஆனா ஒண்ணு. வெளிய இருந்து வந்ததெல்லாம் எழுதணும்னா, என்னையும் எழுதணும். ராத்திரி படுத்தது திருவிதாங்கூர்ல, காலைல எந்திச்சது மெட்ராஸ்ல. பாய் கூட நகரல. எல்லைக் கோட்டை நகத்திட்டாங்க. நான் எந்தக் கட்டத்துல வருவேன்?"

செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை தென்காசியிலிருந்து நாலு மைல் போனாலே வேறு ராஜ்யம். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார், எனக்கு அது முள்ளாகத் தைத்தது. ஏனென்றால் நான் முதல் நாள் எழுதிய பட்டியல் சிரிப்பாய்ச் சிரித்தது. மிளகாய் வெளிநாடு. நிலக்கடலை வெளிநாடு. தக்காளி, கொய்யா, பப்பாளி, மரச்சீனிக் கிழங்கு எல்லாம் வெளிநாடு. குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் முதலில் தேடும் மங்குஸ்தான் பழம் கப்பலேறி வந்தது, மேலே தோட்டங்களில் இருக்கும் கிராம்பும் ஜாதிக்காயும் கூட அப்படித்தான். இவற்றையெல்லாம் விரட்டிவிட்டால் நாங்கள் சோற்றுக்கு எதைத் தொட்டுக்கொள்வது?

எனவே பட்டியல் எழுதிய அந்த வெள்ளைத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்கு நானே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது கேள்வி. நடாமல், கேட்காமல், தானே பரவி, பிறருடைய வழியை அடைக்கிறதா? இது முதல் கேள்வி. அப்படிப் பார்த்தால் என் தாளில் ஆறு வரிதான் மிஞ்சியது. சப்பாத்திக் கள்ளி, உண்ணிச்செடி என்று ஐந்து. ஆறாவது வரிக்காகக் குளத்துக்குப் போனேன்.

தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றுக் கால்வாயிலிருந்து தண்ணீர் வாங்கும் குளம் அது. பேர் வேண்டாம். கரையில் ஏறி நின்று பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. ஒரே பச்சை, பச்சைக்கு மேலே ஊதாப் பூ. ஒவ்வொரு பூவிலும் ஓர் இதழில் மட்டும் மயில்கண் மாதிரி மஞ்சள் பொட்டு. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு முதலில் தோன்றியது அழகு என்பதுதான். அப்புறம்தான் மடைக்குப் பக்கத்தில் இடுப்பளவில் நின்று செடியை வாரி வாரிக் கரையில் எறிந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தேன்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கடைமடையில் மூன்று மரக்கால் விதை விழும் வயல், அவ்வளவுதான் சொத்து. தண்ணீர் எல்லோருடைய வயலையும் தாண்டிக் கடைசியாக அவளிடம் வர வேண்டும். மடைவாயைச் செடி அடைத்துவிட்டதால் முதலில் காய்கிறது அவள் வயல்.

"அத்தே, இதை எப்ப எடுத்தீங்க கடைசியா?" என்று கேட்டேன்.

"பதினஞ்சு நாளைக்கு முன்ன தொடச்சு விட்டமாதிரி எடுத்தேன். இப்ப பாரு. ஏட்டி, நீ ஆபீஸ் பொண்ணுதான? படிச்சவதான? இதுக்கு என்ன பேருன்னு சொல்லு. பேரச் சொல்லி ஏசணும் போல இருக்கு."

லத்தீன் பெயரைச் சொன்னேன். அவள் வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அத வச்சு ஏச முடியாது. வாய் சுளுக்கிரும்."

"தென்காசியில என்ன சொல்லுதாக?"

"ஊதாப்பூன்னு சொல்லுதா ஒருத்தி. பாசிங்கா ஒருத்தி. எம்புருசன் மூதேவிம்பாக. கார் நெல்லுக்குத் தண்ணி மடை தாண்டல, போச்சு. அடுத்த போகம் பிசானத்துக்கும் இதே கதைன்னா வயல அடைச்சுப் போட்டுட்டு அவுக குத்தாலத்துல குளிக்க வாரவுகளுக்கு எண்ணெ தேச்சுவிடப் போயிருவாக. இப்பமே கையக் கைய உருவிப் பாத்துக்கிடுதாக."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நின்ற இடத்திலிருந்து மடைவரைக்கும் மறுபடி அரை ஆள் உயரத்துக்குச் செடி மிதந்து வந்து முட்டியது.

படிவத்தில் அந்தச் செடி ஏறினால்தான் அரசாங்கக் கணக்கில் அது இருக்கிறது என்று ஆகும். இருக்கிறது என்று ஆனால்தான் ஆள் விட்டு எடுப்பார்கள், புதிதாக வராமல் எல்லையில் தடுப்பார்கள். 'நில்' என்று போனால் இந்தத் தாலுகாவில் அப்படி ஒரு செடியே கிடையாது, அவள் இடுப்பளவில் நின்று எறிந்துகொண்டிருப்பது வெறும் காற்று. இதுதான் விஷயம். நான் பிடிவாதம் பிடித்தது முழுக்க இதற்காகத்தான்.

ஆனால் உள்ளூர்ப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. பெயர் இல்லாமல் ஒரு செடியை எப்படித் தடுப்பது? ஊதாப்பூ என்று எழுதினால் பாதித் தோட்டம் உள்ளே வரும். பதினொரு பேரிடம் கேட்டேன், பதினொரு பெயர் சொன்னார்கள், அதில் நாலு கெட்ட வார்த்தை. வந்து புதிது என்பதால் ஊர் இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆபீஸில் வந்து புலம்பியபோது அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எங்க ஊர்ல அதக் குளவாழம்போம். மலையாளத்துப் பேரு. சின்னப் பிள்ளைல பூவப் பறிச்சு மாலை கட்டி நாய்க்குப் போடுவோம்."

குளவாழை. எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. குளத்தில் இருக்கிறது, இலை பளபளவென்று இருக்கிறது, இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? அண்ணாச்சி வாயை மூடுவதற்குள் எழுதிவிட்டேன். வாசகர்களில் தென்காசிக்காரர்கள் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஆற்றுப் பாசனத்தில் வைப்பது ஆத்து வாழை, குளத்துப் பாசனத்தில் வைப்பது குளத்து வாழை, வாய்ப்பேச்சில் அதுவும் குளவாழை. எனக்கு இது தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். அந்த ஒரு நிமிடம் தெரியவில்லை. புதிய வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் பழைய வார்த்தை மறந்துபோனது.

படிவத்தை முடிப்பதற்கு முன் கையால் எழுதிய நகல் ஒன்று திருநெல்வேலிக்குப் போனது. அங்கே என்னைவிடச் சுறுசுறுப்பான யாரோ இருந்திருக்கிறார்கள். இறுதிப் பட்டியல் வரும்வரை இந்தச் செடிகளை எல்லை வழியாக உள்ளே விட வேண்டாம் என்று செக்போஸ்ட்டுகளுக்கு ஒரு தற்காலிக உத்தரவு அடித்தார்கள். ஆங்கிலத்தில் லத்தீன் பெயர் இருந்தது. காவலர்களுக்காகத் தமிழில் எழுதியபோது, லத்தீன் எதற்கு என்று உள்ளூர்ப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் கட்டி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். காலையில் புளியறை பஸ்ஸின் கண்டக்டர் ஆபீஸ் வாசலில் நின்று, "உங்க ஆர்டராமே, அங்கன லாரி வரிசையா நிக்கி, சண்டை நடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சியும் நானும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் நான் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் வரி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

இறங்கிப் பார்த்தால் ஏழு லாரி. ஏழிலும் நேந்திரங்காய்த் தார். குற்றாலத்து சிப்ஸ் கடைகளுக்குப் புனலூர்ப் பக்கமிருந்து வந்தவை. மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் சாயாக் கிளாஸும் கையுமாகக் காவலரைச் சுற்றி நின்றார்கள். காவலர் தொப்பிக்குள் மடித்து வைத்திருந்த உத்தரவை எடுத்துப் பிரித்து, அன்றைக்கு எத்தனையாவது தடவையோ, மறுபடி படித்தார்.

"குளவாழை. உள்ளே விடக் கூடாது. இதுல எனக்கு என்ன புரியாமப் போச்சு? குளம் இருக்கு. வாழ இருக்கு."

"சாரே, இது மலஞ்சரிவிலெ வாழ" என்றார் முதல் லாரி டிரைவர். "அங்கன குளம் எங்கன உண்டு?"

"குளத்துத் தண்ணி குடிச்சுதா ஆத்துத் தண்ணி குடிச்சுதான்னு காயக் கேட்டா சொல்லுமா வே? எல்லாம் நிக்கட்டும்."

நான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "எங்கம்மை என்னச் சும்மா இருலேன்னு சொல்லியே வளத்தா" என்றார்.

நான் காவலரிடம் போய் இது வாழை இல்லை, தண்ணீரில் மிதக்கும் ஒரு செடி, ஊதாப் பூ பூக்கும் என்று விளக்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த டிரைவர் என் முகத்தைப் பார்த்தார், சாயாவை வைத்தார், சிரிக்க ஆரம்பித்தார்.

"குளவாழயோ? ஆ குளவாழயோ? அதாக்கும் அந்தா போவுது!"

அவர் கை காட்டிய இடத்தில் குற்றாலம் பஸ் நின்றது. மேலே மூன்று கூடை. கூடை விளிம்பில் ஈரத்தோடு ஊதாப் பூ எட்டிப் பார்த்தது. காவலர் மேஜையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் அதே பூ இரண்டு, இலையோடு. குற்றாலத்தில் விற்கக் கொண்டுபோகும் கூடைக்காரி வழக்கம்போலப் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பஸ்ஸுக்குப் பின்னால் இருந்த இரும்பு ஏணியில் நான் எப்போது ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. சேலையை இழுத்துச் செருகியது நினைவிருக்கிறது. கீழேயிருந்து கண்டக்டர், "ஏ தங்கச்சி, எறங்கும்மா, டிக்கெட் உள்ளுக்குத்தாம்மா" என்று கத்தினார். நான் ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூடைக்காரி கேட்டாள்.

"ஏட்டி, ஆரு நீ? எங்கூடைல ஒனக்கென்ன சோலி?"

"இதுக்குத்தான் தடை" என்று காவலரைப் பார்த்துச் சொன்னேன். "பேப்பர்ல இருக்கிறது இதுதான். எறக்கச் சொல்லுங்க."

அவர் பேப்பரைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மனுஷன் பாவம், அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. "அம்மா, பேப்பர்ல வாழைன்னுல்லா இருக்கு. பூன்னு போட்டிருந்தா பூவ நிப்பாட்டியிருப்பேன்" என்றார்.

பஸ் புறப்பட வேண்டும். சீசன் கூட்டம் உள்ளிருந்து கத்தியது. நான் இறங்கினேன். ஏழு லாரி வாழை நிற்க, மூன்று கூடைக் குளவாழை என் கண் முன்னால் குற்றாலத்துக்குப் போனது.

லாரிகளைச் சாயங்காலம்தான் விட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து சொல் வர வேண்டியிருந்தது. அதுவரை டிரைவர்களிடம் நான் வாங்கிய பேச்சு இரண்டு பாஷையிலும் இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன், அது எனக்கு உரியது. திரும்புகிற வழியில் அண்ணாச்சி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் குற்றாலத்தில் இறங்கினேன். பேரருவிக்குப் போகும் வழியில், ஈரத் துண்டும் பழப் பையுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்த இடத்தில், அவள் கூடைகளைப் பரப்பியிருந்தாள். எனாமல் பேசினில் செடிகள் மிதந்தன. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வீட்டுத் தொட்டிக்கு என்று இரண்டு வாங்கியது. இன்னொருவர் தன் ஊர்க் கோயில் தெப்பத்தில் விட்டால் நன்றாக இருக்கும் என்று நாலு வாங்கினார்.

நான் கூடைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வாங்காதீர்கள், தொட்டியில் வைத்தால் தொட்டி நிறையும், மழையில் தொட்டி வழிந்தால் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்காலிலிருந்து குளத்துக்குப் போகும். அரை மணி நேரத்தில் இரண்டு பேர்தான் நான் சொன்னதைக் கேட்டார்கள். மற்றவர்கள் என்னை விலை குறைக்க வந்தவள் என்று நினைத்தார்கள். கூடைக்காரி முதலில் ஏசினாள், பிறகு களைத்துப் போய், "இந்தா, நீயும் ஒண்ணு வச்சுக்க, வாய மூடு" என்று ஒரு செடியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். அதை நான் வாங்கிக்கொண்டேன். ஆறாவது வரிக்குச் சாட்சியாக அழுத்திக் காயவைக்க எனக்கு ஒரு செடி தேவைப்பட்டது.

மறுநாள் ஆபீஸர் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், குரல் உயர்த்தாதவர், கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேஜையில் வாழைக்காய் வியாபாரிகளின் மனு இருந்தது. அதன் மேல் என் படிவம் இருந்தது.

"மிஸ், ஒரு வரிக்கு இத்தனை வம்பு வேண்டாம். ஆறாவதை எடுத்துடுங்க. அந்த வரியில 'நில்'னு போட்டுடுங்க."

"பேர்தான் சார் தப்பு. செடி நெஜம். பேரைத் திருத்திடுறேன்."

"திருத்தினா, திரும்பவும் ஏன் தப்பு வந்ததுன்னு கேப்பாங்க. எடுத்துட்டா யாரும் கேக்க மாட்டாங்க." மனுவை மடித்து வைத்தார். "உங்களைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதலாம்னு இருந்தேன்."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதும் தெரியும். ஆறு மாதம் முடிந்தால் மறுபடி வீட்டில் சும்மா இருக்க வேண்டும். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், பேனாவைப் பார்த்தேன்.

"அந்தக் குளத்துல கடைமடை காஞ்சு போச்சு சார். பிசானத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. நாம 'நில்'னு எழுதினா அங்க செடி நிக்காது."

அவர் சிரித்தார். "வெளியிலேருந்து வந்ததையெல்லாம் விரட்டணும்னா முதல்ல குத்தாலத்து மங்குஸ்தானை வெட்டணும். வெட்டலாமா? நீங்களே போன வாரம் ஆபீஸ்ல எல்லாருக்கும் உடைச்சுக் குடுத்தீங்க."

"மங்குஸ்தான் ஒரு எடத்துல வச்சா அந்த எடத்துலயே நிக்கும் சார். பத்து வருஷம் கெஞ்சினாத்தான் காய்க்கும். மலையை விட்டு எறங்கி யார் மடையையும் அடைச்சதில்ல. வெளியூர்ங்கிறதுக்காக நான் ஒரு செடியையும் எழுதலை. வழியை அடைக்கிறதாலதான் எழுதினேன். இவ்வளவு வித்தியாசம்கூட அந்த விதியில வரலைன்னா அப்புறம் அந்த விதி எதுக்கு?"

அறைக்கு வெளியே அண்ணாச்சி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார் என்பது கேட்டது.

ஆபீஸர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்தேன். உள்ளூர்ப் பெயர்க் கட்டத்தில் இருந்ததன் கீழே, எவ்வளவு பொடியாக எழுத முடியுமோ அவ்வளவு பொடியாக எழுதினேன்: 'வேறு ஜில்லாக்களில் வெங்காயத்தாமரை. செங்கோட்டைப் பக்கம் குளவாழை, ஆனால் வாழை இனம் அன்று. தென்காசியில் வந்து புதிது, இன்னும் பெயர் இல்லை.' எழுதிவிட்டு அவர் பக்கமே தள்ளினேன்.

"நான் எடுக்க மாட்டேன் சார். நீங்க அதிகாரி, நீங்க அடிங்க."

அவர் முகம் சிவந்தது. பேனாவைத் திறந்தார். வரி தெரியாதபடி மையை ஊற்றித் தேய்க்கத்தான் அந்தக் கை இறங்கியது. நான் சொன்னேன்: "பதிவான படிவத்துல அடிக்கிறதுன்னா ஒத்தைக் கோடுதான் சார் போடணும். கீழ இருக்கிறது படிக்கிறமாதிரி இருக்கணும். அடிச்சவர் சுருக்கொப்பம் வைக்கணும். நடைமுறைப் புத்தகத்துல இருக்கு. வேணும்னா எடுத்துட்டு வாரேன்."

அவர் விதிப்படி நடக்கிறவர். அதுதான் அவருடைய பெருமை. பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு அடிக்கோல் எடுத்து, மெல்லிசாக ஒரே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அடித்த காரணம் எழுதவும் ஓர் இடம் உண்டு. அதைக் காலியாக விட்டார். என்ன எழுதுவார்?

அந்தப் படிவம் அப்படியே போனது. ஆறாவது வரி, நெஞ்சில் ஒரு கோட்டோடு, ஒவ்வொரு எழுத்தும் படிக்கிற மாதிரி.

ஆறு மாதம் முடிந்தது. நீட்டிக்கவில்லை. யாரும் என்னைத் துரத்தவும் இல்லை, சீட்டு ஒட்ட விதைப் பொட்டலம் இல்லை என்றார்கள். நான் மறுநாள் காலையில் குளத்துக்குப் போனேன். கடைமடைக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து முறை போட்டுச் செடி எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அரசாங்கம் வரட்டும், வராமல் இருக்கட்டும், பிசானம் காத்திருக்காது. என்னை ஒன்பதாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் எனக்கு இடுப்பு ஒடிந்தது. அந்தக் கடைமடைப் பெண் என் கையைப் பிடித்துப் பார்த்து, "பேனா பிடிச்ச கைங்கிறது செடிக்குத் தெரிஞ்சு போச்சு, பாரு, நழுவி நழுவிப் போவுது" என்று கேலி செய்தாள். வேர் அறுந்தால் அறுந்த துண்டு மறுபடி பிழைக்கும், அதனால் முழுசாக வாரிக் கரைக்கு மேலே, வெயில் படுகிற இடத்தில் எறிய வேண்டும் என்று நான் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அதுவரை எல்லோரும் அறுத்து அறுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் கரைமேல் சைக்கிள் வந்தது. அண்ணாச்சி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார்.

"மேல இருந்து வந்திருக்கு பிள்ளே. எந்த மேலன்னு கேக்காத, எனக்கே தெரியல, முத்திரை மேல முத்திரையா இருக்கு." மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். "வரிசை எண் ஆறு, அடிக்கப்பட்டிருக்கிறது, காரணம் குறிப்பிடப்படவில்லை. செடி அந்தத் தாலுகாவில் இருக்கிறதா இல்லையா என்று தெளிவுபடுத்தவும். இருப்பின், வந்த வழி, பரவும் வேகம், தடுக்க உள்ளூரில் செய்யப்பட்ட முயற்சிகள் ஆகியவற்றை விளக்கவும்."

மடையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"ஆபீஸர் என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"இத ஏங் கையில குடுத்தாக. கொஞ்ச நேரம் சன்னல் வழியாப் பாத்தாக. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க, கையெழுத்து நான் போடுதேன்னாக."

அந்தக் கடைமடைப் பெண் தண்ணீரை விட்டு ஏறி வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தை நேராகப் பார்த்தாள். "இதுல நம்ம கொளம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். "இனிமே அந்த வரிய யாரும் எடுக்க முடியாது."

"அப்ப ஆளு வருமா?"

வரும் என்று பொய் சொல்ல நான் தயாராக இல்லை. "எழுதுதேன் அத்தே. வரலைன்னா ஏன் வரலைன்னு மறுபடி எழுதுவேன்." அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினாள்.

நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி சைக்கிள் இருக்கையின் மேல் தாளை விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அரைப் பக்கத்துக்கு மிகாமல்னு போட்டிருக்கு பிள்ளே. பாத்து எழுது."

"அரைப் பக்கத்துல அடங்குத கொளமா அண்ணாச்சி இது?"

அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"பின்பக்கமும் வெள்ளையாத்தான் இருக்கு" என்றார்.